தகரக் கூரைக்குக் கீழே நாலு அங்குலம்

எங்கள் பட்டறையில் வடகிழக்கு மூலைதான் அம்மா உட்காரும் இடம். நல்ல வெளிச்சம் விழுவது அங்கேதான். நான் மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிக் கொடுக்கிற விளையாட்டுச் செப்புச் சாமான்களை, சின்ன உரல், அம்மி, குடம், மூடி போட்ட சம்படம் எல்லாவற்றையும், துடைத்து, மூடி பொருந்துகிறதா என்று திருகிப் பார்த்து, செட் செட்டாகக் கட்டி வைப்பது அவர் வேலை. 2024 கத்திரி வெயிலில் ஒருநாள் மூன்று மணி வாக்கில், கையில் வைத்திருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து, வெளியே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் தெளிந்தார். வெளியே நிழலில் தெர்மாமீட்டர் 38 காட்டியது. பட்டறைக்குள் அம்மா தலை உயரத்தில் அதையே மாட்டிப் பார்த்தால் 43.

அந்த ஐந்து டிகிரியும் கூரை கொடுத்தது. அதை எப்படி எடுத்தோம், எவ்வளவு ஆயிற்று, எந்த இடத்தில் பணம் வீணாயிற்று என்பதை எழுதுகிறேன். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மட்டும் இல்லை, சேரன்மகாதேவி, பேட்டை, மேலப்பாளையம் என்று எங்கே தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் இந்தக் கணக்குதான்.

முதலில் எங்கள் கூரை. பட்டறை 20 அடி நீளம், 12 அடி அகலம், ஒருபக்கச் சாய்வு. கிழக்கு உயரம், மேற்கு தாழ்வு. பாதி அப்பா போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பாதி பிறகு நான் நீட்டிய தகரம். தாத்தா காலத்தில் நாட்டு ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் சூடு தானாக வெளியே போய்விடும். ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போட்டதும் ஒழுக்கு நின்றது, சூடு உள்ளே தங்கிவிட்டது.

செங்கல் சூளைப் பக்கம் நடந்து போயிருந்தால் இந்த விஷயம் சட்டென்று புரியும். காற்று அப்படி ஒன்றும் சுடாது, ஆனாலும் சூளையைப் பார்த்த கன்னம் மட்டும் எரியும். சூடான பரப்பிலிருந்து கதிராக வருகிற சூடு அது. உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அதன் அடிப்பக்கம் முழுக்க நம் தலையைப் பார்த்த சூளைதான். ஃபேன் போட்டாலும், கூரையடியில் தேங்கி நிற்கிற சூட்டுக் காற்றைத்தான் அது கீழே தள்ளும். ஆகவே செய்ய வேண்டியது மூன்று. தகரம் சூடாவதை மேலேயே குறைக்க வேண்டும். மீறி வருகிற கதிரைக் கீழே மறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சேர்கிற சூட்டுக் காற்று வெளியே போக வழி விட வேண்டும். இந்த மூன்றாவதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. அதற்குக் கொடுத்த விலை 2,000 ரூபாய்.

அம்மாவுக்கு மயக்கம் வந்த அந்த வாரமே தெர்மகோல் ஷீட் வாங்கி, தகரத்தின் அடியில் ரப்பர் சொல்யூஷன் தடவி நேராக ஒட்டினேன். கால் மணி நேரத்தில் பசை தடவிய இடமெல்லாம் தெர்மகோல் உள்வாங்கியது. விரலை வைத்தால் சர்க்கரைப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பசையில் இருக்கிற கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஒட்டி நின்ற துண்டுகளும் தகரத்தின் சூட்டில் வளைந்து, ஆனி மாசக் காற்று ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக விழுந்தன. அதைவிடப் பெரிய ஆபத்து தீ. தெர்மகோல் பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டுவதும் எரிந்துகொண்டே விழும். தரையெல்லாம் மரச்சுருளும் தூளும் கிடக்கிற பட்டறையில் அதை மேலே கட்டியதே தவறு. மீதியை எடுத்துத் தூரப் போட்டேன்.

அப்புறம்தான் திருநெல்வேலி டவுனில் ஒரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். இரண்டு பக்கமும் வெள்ளித்தாளும் நடுவில் காற்றுக் குமிழுமாக ரோலில் வரும் பபுள் ஃபாயிலை எடுத்துக் காட்டி, “இதத் தகரத்தோட ஒட்டிப் போட்ராதிய தம்பி. கொஞ்சம் தள்ளித் தொங்க விடுங்க. தள்ளி இருந்தாத்தான் இது வேலை செய்யும்” என்றார். வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பரப்பு, தன்மேல் விழும் கதிர்ச்சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தானும் சூட்டைக் கதிராக அதிகம் விடாது. ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு தொடுகையிலேயே கடந்து வந்துவிடும், பளபளப்புக்கு வேலையே இல்லை. இடைவெளிக்குக் கடையில் காசு கேட்பதில்லை. நான்கு அங்குலம் விடுங்கள், போதும்.

சரி, வேலைக்கு வருவோம். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் கத்திரிக்கு முன் முடித்துவிடலாம்.

ஒழுக்கை முதலில் அடைத்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் எங்கள் கூரையில் எந்தெந்த ஆணி ஓட்டை ஒழுகியது என்று சாக்கட்டியால் குறித்து வைத்திருந்தேன். அது இப்போது உதவியது. போல்ட்டுக்கு அடியில் இருக்கிற தார் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றி, மேலே சீலண்ட் வைத்தால் போதும். கீழே ஃபாயில் கட்டிய பிறகு ஒழுகினால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கூரைமேல் ஏறுவதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்க்க உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். போல்ட் வரிசைக்கு நேரே, அடியில் பைப் இருக்கிற இடத்தில், நீளப் பலகை போட்டுப் பலகைமேல் மட்டும் நடங்கள். காலை ஆறு மணிக்கு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். கீழே ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும். எனக்கு மச்சான் நின்றார். இன்னொன்று, ஆஸ்பெஸ்டாஸைத் துளை போடவோ, அறுக்கவோ, கம்பி பிரஷ்ஷால் சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் தங்கிவிடும், பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். பாசியைத் தண்ணீர் ஊற்றி ஈரத்தோடு மெதுவான துடைப்பத்தால் தள்ளினோம், அவ்வளவுதான்.

அடுத்தது மேலே வெள்ளையடிப்பது. ஆஸ்பெஸ்டாஸ் பகுதிக்குச் சுண்ணாம்பே போதும். 5 கிலோ சுட்ட சுண்ணாம்பை ஒரு டிரம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கால் லிட்டர் ஃபெவிகால் கலந்துகொள்ளுங்கள். அதைக் கலக்காவிட்டால் காய்ந்ததும் கையில் ஒட்டும், மழையில் சீக்கிரம் கரையும். ஷீட்டை ஈரப்படுத்திவிட்டு மெல்லிசாக மூன்று தடவை அடிக்க வேண்டும். தடிமனாக ஒரே தடவை அடித்தால் செதிலாக உரியும். அடித்து முடித்ததும் வெயிலில் அந்தப் பரப்பைப் பார்க்கவே கண் கூசும். அந்தக் கூச்சம்தான் வேண்டியது. உள்ளே வர இருந்த வெயில் திரும்பிப் போகிறது என்று அர்த்தம்.

தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். ஒட்டாது. அதோடு ஈரச் சுண்ணாம்பு தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். எங்கள் தகரத்தில் அங்கங்கே துரு இருந்தது. அதைத் தேய்த்து எடுத்து, பிரைமர் ஒரு கோட்டிங், அதன்மேல் வெளிப்புறச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டிங். கூரைக்கென்றே வருகிற வெள்ளை பெயிண்ட் இன்னும் நல்லது, விலை அதிகம். என் கையிருப்புக்கு எமல்ஷன்தான் கட்டியது. எண்ணெய் பெயிண்டைப் புதுத் தகரத்தில் நேராக அடித்தால் ஒரே வருஷத்தில் தோல் மாதிரி உரிந்து வரும், அதுவும் வேண்டாம்.

கையில் இவ்வளவுதான் பணம் என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் மீதியைச் செய்யலாம். வெள்ளையடித்ததுமே உள்ளே 43 இருந்தது 40க்கு வந்தது. போட்ட காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

இப்போது ஃபாயில். 4 அடி அகல ரோலில் 78 அடி நீளம் வெட்டி வாங்கி, செங்கோட்டை பாசஞ்சரில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். வாங்கும் முன் கடையில் ஒரு கைத்துண்டு கேட்டு வாங்கி, வெளியே வந்து நெருப்பு வைத்துப் பாருங்கள். நெருப்பை எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். எடுத்த பிறகும் எரிந்தால் அந்த வகை வேண்டாம். எல்லாமே பிளாஸ்டிக்தான், எரியாத பொருள் என்று நம்பிவிடக் கூடாது. வெல்டிங், கிரைண்டிங் நடக்கிற பட்டறையாக இருந்தால் ஃபாயிலை விட்டுவிட்டு வெள்ளையடிப்பதோடும் காற்று வழியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் காசு சேர்ந்தால் சிமெண்ட் போர்டு கட்டலாம்.

கட்டுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எங்களுக்கு ஒருநாள் முழுக்கப் போனது.

பழைய இரும்புக் கடையில் முக்கால் இஞ்ச் பைப் 40 அடி வாங்கினோம். கிழக்குச் சுவரில் 20 அடி, மேற்குச் சுவரில் 20 அடி. சுவரோடு ஒட்டாமல், நடுவில் மூன்று அங்குல மரக்கட்டை வைத்து கிளாம்ப் அடித்தோம். இந்த மூன்று அங்குலச் சந்துதான் பிறகு காற்று நுழைகிற வாய். பைப்பின் உயரம், கூரையைத் தாங்குகிற குறுக்குப் பைப்புகளின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் கீழே. குறுக்குப் பைப் இரண்டு அங்குலம், அதற்குக் கீழே இரண்டு அங்குலம், ஆக நான்கு.

இந்த இரண்டு பைப்புக்கும் நடுவில், சாய்வு வாக்கில், 15 அங்குலத்துக்கு ஒன்றாக ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுக்க வேண்டும். எங்களுக்கு 17 கம்பி ஆயிற்று. உயர்ந்த பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டு, தாழ்ந்த பக்கம் பைப்பைச் சுற்றிக் குறட்டால் இழுத்துப் பிடித்து, கம்பியின் இரட்டைப் பகுதிக்குள் ஒரு ஆணியை நுழைத்து முறுக்குங்கள். விரலால் சுண்டினால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஃபாயில் நடுவில் தொட்டி மாதிரி இறங்கிவிடும். ஒவ்வொரு மூன்றாவது கம்பியையும் நடுவில் இரண்டு இடத்தில் குறுக்குப் பைப்போடு கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். மற்றவற்றைக் கட்டாதீர்கள், கட்டினால் ஃபாயில் நுழைய வழி இருக்காது. நாங்கள் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்தோம்.

ஃபாயிலை 13 அடி, 13 அடியாக ஆறு துண்டு வெட்டினோம். துண்டின் முன் ஓரத்தை ஒரு மெல்லிய மரச்சட்டத்தில் சுற்றி கிளிப் போட்டுவிட்டு, தாழ்ந்த பக்கமிருந்து கம்பிக்கு மேலாக நான் உள்ளே கொடுக்க, உயர்ந்த பக்கம் ஏணியில் நின்று மச்சான் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். சட்டம் இல்லாமல் வெறும் ஃபாயிலைத் தள்ளினால் கம்பி முனை குத்திக் கிழிக்கும். அடுத்தடுத்த துண்டு ஒன்றன்மேல் ஒன்று மூன்று அங்குலம் ஏறி நிற்க வேண்டும், அந்த ஏற்றம் தூக்கிக் கட்டிய கம்பிமேல் விழ வேண்டும். கட்டு இடிக்கிற இடத்தில் ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு, அலுமினிய டேப் ஒட்டி மூடுங்கள். டேப் ஒட்டும் முன் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மரத்தூள் மேல் டேப் ஒட்டாது.

ஒருபக்கம் மட்டும் பளபளக்கிற ஃபாயில்தான் கிடைத்தது என்றால் பளபளப்பு கீழே பார்த்து இருக்கட்டும். மேலே பார்த்து வைத்தால் வருஷம் திரும்புவதற்குள் தூசி படிந்து மங்கிவிடும். கீழ்ப்பக்கம் தூசி தங்காது.

கரண்ட் விஷயத்தில் கவனம் தேவை. வெள்ளித்தாளில் மின்சாரம் பாயும். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஒரு துண்டைக்கூட மேலே ஏற்ற வேண்டும். கூரையடியில் ஓடிய வயரையெல்லாம் முதலிலேயே கழற்றி, ஃபாயிலுக்குக் கீழே சுவரோரமாக பி.வி.சி. பைப்புக்குள் போட்டோம். டியூப்லைட்டுகளைச் சங்கிலியில் ஒன்றரை அடி இறக்கித் தொங்கவிட்டோம். கரண்ட் கசிந்தால் தானாகவே அணைத்துவிடுகிற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. உங்களிடம் இல்லையென்றால் ஃபாயிலுக்கு முன் அதை வாங்குங்கள்.

இனி காற்று வழி. தாழ்ந்த பக்கம் சந்து வழியாக நுழைகிற காற்று தகரத்தடியில் சூடாகி மேலே ஏறும். மேலே போய் முட்டி நின்றால் பயனில்லை. உயர்ந்த கிழக்குச் சுவரில், ஃபாயில் மட்டத்துக்கு மேலே, கொத்தனாரை வைத்து இரண்டு சிமெண்ட் ஜாலி பதித்தோம். அரை நாள் வேலை. நம் ஊரில் ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்துதான் வரும். அது தாழ்ந்த பக்கம் புகுந்து கிழக்கே வெளியேறுகிற மாதிரி எங்கள் சாய்வு தற்செயலாக அமைந்திருந்தது. உங்களுக்கு நேர்மாறாக இருந்தாலும் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் ஜாலிக்கு வெளியே ஒரு தகரத் துண்டைச் சாய்வாக மடக்கி வைத்தேன். உள்ளே கோழிவலை அடியுங்கள். அடிக்காவிட்டால் அணில் வந்து ஃபாயிலைக் கடித்துக் கூடு கட்டும்.

முதல் ஆனிக் காற்றில் தாழ்ந்த பக்க ஓரம் படபடவென்று அடித்து, இரண்டு இடத்தில் டேப் விட்டுவிட்டது. அந்த ஓரத்தை ஒரு மரச்சட்டத்தின்மேல் மடித்து, சட்டத்தோடு சேர்த்துப் பைப்பில் கட்டிய பிறகு சத்தம் நின்றது. நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு எங்களுக்கு இப்படி வந்தது. ஒழுக்கு அடைக்க 350, சுண்ணாம்பும் ஃபெவிகாலும் பிரஷ்ஷும் 450, பிரைமரும் எமல்ஷனும் 1,900, ஃபாயில் சதுர அடி 12 ரூபாய் வீதம் 3,744, கம்பி 250, பழைய பைப்பும் கிளாம்பும் 850, டேப் 240, ஜாலியும் கொத்தனார் கூலியும் 900. மொத்தம் 8,684 ரூபாய். மச்சானுக்குக் கூலி கிடையாது, மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு அம்மா கையால். தெர்மகோலில் போன 2,000 இதில் இல்லை.

ஃபாயிலுக்கும் பணம் இல்லாதவர்கள் கோரைப்பாயை யோசிக்கலாம். பத்தமடையில் பட்டுப்பாய் மட்டும் இல்லை, முரட்டுப் பாயும் நெய்வார்கள். அதே நான்கு அங்குல இடைவெளியில் அதைக் கட்டினாலும் கதிரை மறிக்கும். தீப்பொறி வருகிற இடத்தில் மட்டும் வேண்டாம். தையல் கடை, கூடை முடைகிற இடம் போன்றவற்றுக்குச் சரி. அதற்கும் முன் 700 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் ஆசிட், இரண்டையும் ஆறரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, பாயின் இரண்டு பக்கமும் நன்றாக ஊறும்படி தெளித்து நிழலில் காய வையுங்கள். தீ பரவுவதைத் தாமதப்படுத்தும், பூச்சி அரிப்பும் குறையும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நனைந்தால் மருந்து கரைந்துவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். கூரைமேல் கிடுகு பரப்புவது பழைய வழக்கம், குளிர்ச்சியும் உண்டு. எலியும் தீயும் நினைத்து நான் அதைச் செய்யவில்லை. ரைஸ்மில் உமியைச் சாக்கில் கட்டி மேலே அடுக்கச் சொன்னார்கள். உமி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தால் வெளியே தெரியாது. அதனால் அதையும் விட்டேன்.

மேற்குச் சுவருக்கு வெளியே பீர்க்கும் அவரையும் ஊன்றிக் கூரை ஓரம்வரை ஏற்றியிருக்கிறோம். மாலை வெயில் சுவரில் விழாமல் அது பார்த்துக்கொள்கிறது. கொடி தாழ்ந்த பக்கக் காற்று வழியை மூடாதபடி வாரத்துக்கு ஒருமுறை கிள்ளிவிடுவது என் மகள்.

இத்தனைக்கும் பிறகு மத்தியானம் இரண்டரைக்கு வெளியே 38 என்றால் உள்ளே 39. வெளியே நிழலில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக எந்த ஃபாயிலாலும் ஆக்க முடியாது, அதை எதிர்பார்த்துச் செலவு செய்யாதீர்கள். ஆனால் தலையில் இறங்கிய அந்தச் சூளைச் சூடு போய்விட்டது. ஃபேன் காற்று இப்போது காற்றாக இருக்கிறது. கத்திரியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போகிற அரக்குக் குச்சிகள் இந்தத் தடவை டப்பாவில் தனித்தனியாகக் கிடந்தன. அதை முதலில் கவனித்ததும் அம்மாதான்.

பங்குனி பிறந்ததும் சுண்ணாம்புப் பகுதிக்கு ஒரு கோட்டிங், டேப்புகளை ஒரு தடவை கையால் அழுத்திப் பார்ப்பது, கோழிவலையில் சேர்ந்த தூளைத் தட்டுவது, வருஷத்துக்கு இவ்வளவுதான் வேலை. போன கத்திரி முழுக்க அம்மா அதே வடகிழக்கு மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு நான் தண்ணீர்ச் சொம்போடு போனால், “ஏல, அங்க வச்சிட்டுப் போ, இந்த செட்ட முடிச்சுட்டுக் குடிக்கேன்” என்கிறார்.